கண்ணுக்கு விற்றமின் எழுதுமுன்

ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டி ஓய்ந்த ஒரு முதியவர், பார்வை மங்கி, "கண்ணுக்கு ஒரு விற்றமின் எழுதிக் குடுங்க ஐயா" என்று கேட்டால் என்ன எழுதுவது? மங்கலுக்குக் காரணம் கண்புரையா, மாக்குலா சிதைவா என்று பிரித்தறியும்வரை ஒன்றும் எழுதக்கூடாது என்பதே எமது உறுதியான கருத்து.

புரைக்கு மாத்திரையால் பயனில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் சுற்றுக் கிராமங்களில் 35 முதல் 50 வயதுள்ள 798 பேரைச் சேர்த்து, பீட்டா கரோட்டினும் விற்றமின் சி, ஈ இரண்டும் ஐந்து ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். புரையின் வளர்ச்சி குறையவில்லை. 2006இல் வெளிவந்த அந்த முடிவு எமது மக்களைப் போன்ற உணவும் வெயிலும் உள்ளவர்களிடம் பெறப்பட்டது என்பதால் எமக்குக் கூடுதல் பெறுமதி உடையது.

ஆனால் 2011இல் வெளியான இன்டை ஆய்வையும் இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும். வட இந்தியாவிலும் புதுச்சேரிப் பகுதியிலும் 60 வயதைக் கடந்தவர்களின் இரத்தத்தில் விற்றமின் சி அளக்கப்பட்டது. வடக்கில் ஏறத்தாழ 74 சதவீதத்தினருக்கும் தெற்கில் 46 சதவீதத்தினருக்கும் குறைபாடு இருந்தது. அளவு கூடியவர்களிடம் புரை குறைவாகக் காணப்பட்டது. குறைபாடு அதிகம் இருந்தவர்கள் யார்? புகையிலை பாவிப்பவர்கள், விறகடுப்பில் சமைக்கும் வீட்டார், உடல் மெலிந்தவர்கள். லயன் வீடுகளை அறிந்த எவருக்கும் இந்தப் பட்டியல் புதிதல்ல. மதுரை முடிவோடு இது முரண்படுவதாகவும் நாம் கருதவில்லை. பல்லாண்டு வறுமையும் புகையும் வில்லையில் செய்துவிட்ட கேட்டை நடுவயதில் தொடங்கும் மாத்திரை அழிக்காது. இரத்தத்தில் காணும் குறைவு, அந்த வாழ்க்கையின் குறிகாட்டியாகவும் இருக்கலாம்.

குறிகாட்டியை நம்புவதற்கு மாதிரி கெடாதிருக்கவும் வேண்டும். விற்றமின் சி விரைவில் சிதைவது. குருதியைத் தாமதமின்றிப் பிரித்து, மெற்றாபொஸ்பரிக் அமிலம் சேர்த்து, கடுங்குளிரில் வைக்காவிட்டால் நல்ல நிலையில் உள்ளவருக்கும் "குறைபாடு" என்று அறிக்கை வரும். வெப்பத்தில் வெகுதூரம் பயணித்த மாதிரியின் எண்ணை வைத்து மருந்து எழுதாதீர்கள்.

மாக்குலா சிதைவில் நிலைமை வேறு. துத்தநாகமும் எதிர்ஒட்சியேற்றிகளும் சேர்ந்த கூட்டு, இடைநிலை நோயாளரில் ஐந்தாண்டில் முற்றும் அபாயத்தைக் கால்பங்கு குறைத்ததை 2001இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆரம்ப நிலைக்கு அது உதவவில்லை. 2013இன் தொடராய்வுக்குப் பின் பீட்டா கரோட்டின் நீக்கப்பட்டு லூட்டின் 10 மில்லிகிராமும் சியாசாந்தின் 2 மில்லிகிராமும் இடம்பிடித்தன. பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம், பெரும்பாலும் முன்பு புகைத்தவர்களிடம், நுரையீரல் புற்று கூடியதே காரணம். சுருட்டு, பீடி பிடித்த எமது முதியவர்களுக்குப் பழைய கூட்டைக் கொடுப்பது தவறு. போத்தலின் பின்புறத்தைக் கட்டாயம் வாசியுங்கள்.

தோட்ட மருந்தகத்தில் இருப்பவர் அளக்க வேண்டிய முதல் உயிர்வேதியியல் குறிகாட்டி இரத்தச் சர்க்கரையே. நீரிழிவு புரையை முந்தி வரவழைக்கிறது, விழித்திரையையும் கெடுக்கிறது. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கைக்கீரை, கொய்யா ஆகியவற்றை உணவில் சேர்க்கச் சொல்லுங்கள். கீரையை நெடுநேரம் அவித்து நீரை ஊற்றிவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையைப் பற்றிக் கேளுங்கள். புரை முற்றியவரை மாத்திரையில் மாதக்கணக்காக வைத்திராமல் கேகாலை வைத்தியசாலைக் கண் பிரிவுக்கு அனுப்புங்கள். அரச வைத்தியசாலையில் புரைச் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பதை அவருக்கும் அவரது பிள்ளைகளுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.