கடலுக்குப் போனப்ப யாரும் தடுக்கல... மலைக்கு மட்டும் ஏன்?

எங்க ஊர் பசியாவரம். பழவேற்காட்டிலிருந்து ஏரியைத் தாண்டினால் வரும் மீனவ கிராமம். சுற்றிலும் தண்ணீர், மணல், சேறு. மலை என்று எதுவும் கிடையாது. இந்த ஊரில் பிறந்த என் பெரியப்பாவுக்கு 64 வயதில் மலை ஆசை வந்தது.

காரணம், ஒரு வீடியோ. 2022 பிப்ரவரியில் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். பெங்களூரைச் சேர்ந்த 62 வயது நாகரத்தினம்மா, புடவை கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து அகஸ்தியர்கூடத்தில் ஏறிய வீடியோ. நம் பொதிகை மலையின் உச்சி அது, 1,868 மீட்டர் உயரம். கல்யாணமாகி 40 வருஷம் குடும்பப் பொறுப்பிலேயே போய்விட்டது, பிள்ளைகள் நிலைத்த பிறகுதான் தன் ஆசையைக் கையில் எடுத்தார் என்று அப்போது செய்தி வந்தது.

பெரியப்பா அதை நாலு முறை பார்த்தார். அந்தச் சமயத்தில்தான் அவர் படகை விட்டிருந்தார். மீனவனுக்கு ரிட்டயர்மென்ட் தேதி கிடையாது. முட்டி ஒத்துழைக்காத அன்றைக்கு வலை மகன் கைக்குப் போகும், அவ்வளவுதான். அதன்பிறகு காலையில் கரையில் உட்கார்ந்து படகுகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

வீடியோ பார்த்த மறுநாள், தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நாலு பெயர் எழுதச் சொன்னார். திருத்தணி, சோளிங்கர், பர்வதமலை, வெள்ளியங்கிரி.

இப்படிப் பட்டியல் போட்டு மலை ஏறுவது ஸ்காட்லாந்தில் பெரிய வழக்கம். அங்கே 3,000 அடிக்கு மேலான மலைகளை ஹியூ மன்றோ என்பவர் 1891ல் பட்டியலிட்டார். இன்றைய கணக்கில் அவை 282. எல்லாவற்றையும் ஏறி முடிக்கப் பலருக்குப் பல வருஷங்கள் ஆகும். நிக் கார்ட்னர் என்ற முதியவர், மனைவி நோய்வாய்ப்பட்டு பராமரிப்பு இல்லத்துக்குப் போனபின், தனிமையைச் சமாளிக்க 2020ல் 80 வயதில் ஏற ஆரம்பித்து, 2022 ஆகஸ்டில் 82 வயதில் 282ஐயும் முடித்தார். வேடிக்கை என்னவென்றால், பட்டியல் போட்ட மன்றோவே அதை முழுதாக முடிக்காமல் 1919ல் காலமாகிவிட்டார்!

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரளத்தின் சித்ரன் நம்பூதிரிப்பாடு, கல்வித்துறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தான் நடத்திய பள்ளியை ஒரு ரூபாய்க்கு அரசிடம் ஒப்படைத்தவர். சுமார் 30 முறை இமயமலைப் பயணம் போனார், கடைசியாக 99 வயதில். 2023ல் 103 வயதில் மறைந்தார்.

சரி, பெரியப்பா கதைக்கு வருவோம். பொன்னேரியில் ரயிலேறி, சென்ட்ரலில் மாறி, முதலில் திருத்தணி. 365 படிகள். பாதியில் மூன்று முறை உட்கார்ந்தார். அடுத்தது சோளிங்கர், 1,305 படிகள். ரோப் கார் வந்துவிட்டதே என்றோம். “படி எதுக்குக் கட்டி வச்சிருக்கான்?” என்று கேட்டுவிட்டு ஏறினார். பிறகு பர்வதமலை. அந்தக் கடப்பாறைப் படிகளில் என் கால்தான் நடுங்கியது. கயிறு பிடித்துப் பழகிய கை அவருக்கு, சங்கிலியை விடவே இல்லை.

சண்டை வந்தது வெள்ளியங்கிரியில்தான். ஏழு மலை, பூண்டியிலிருந்து ஒரு வழியே கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர். 2024 சீசனில் ஏறும்போது உடல்நலக் குறைவால் சிலர் இறந்துபோன செய்தி வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பெரியப்பாவுக்கு பிரஷர் வேறு. பெரியம்மா அழுதார். நானும் “வேணாம் பெரிப்பா” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “நாப்பது வருசம் காத்துலயும் புயல்லயும் கடலுக்குப் போனேன். ஒரு நாளாவது எவனாவது வேணான்னு சொன்னீங்களா? அப்ப சம்பாத்தியம் வந்துச்சு. இப்ப எனக்கோசரம் ஒண்ணு கேட்டா மட்டும் உசுரு பெருசாப் பூடுச்சா?”

யாரிடமும் பதில் இல்லை. பெரியம்மாதான் கடைசியில், “டாக்டர் சரின்னா போ” என்றார்.

ஈசிஜி, டிரெட்மில் டெஸ்ட் எல்லாம் பார்த்து, மாத்திரையை மாற்றி, மூன்று மாதம் தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். மணலில் நடந்தார். முதல் வருஷம் நாலாவது மலையில் மூச்சு வாங்கியது. உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் யோசித்தார், “திரும்பலாம்டா” என்றார். கடலில் மேகம் கறுத்தால் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்புகிற அதே குரல். வற்புறுத்தி ஏற்றாமல் விட்டதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

அடுத்த சீசனில் மறுபடி போனோம். ராத்திரி ஏற ஆரம்பித்து, மூங்கில் தடியை ஊன்றி, ஒவ்வொரு மலைக்கும் நின்று நின்று... விடிந்து வெகுநேரம் கழித்து ஏழாவது மலையில் நின்றார். கீழே மேகம் மட்டும்தான் தெரிந்தது. “ஏரி மாதிரியே கீதுடா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இறங்குவதற்குத்தான் ஏறியதைவிடக் கஷ்டப்பட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், சில விஷயங்கள்:

* முதலில் டாக்டர். பிரஷர், சுகர், இதயப் பரிசோதனை முடியாமல் பெரிய மலை வேண்டாம்.

* 65 வயதுக்கு மேலும் வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை ஒழுங்காகச் செய்தபிறகு சின்னப் படிகளில் ஆரம்பிக்கலாம்.

* பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே நின்று உதவி கேளுங்கள்.

* முட்டி அதிகம் வலிப்பது இறங்கும்போது. தடி அவசியம்.

* தனியாக அனுப்பாதீர்கள். கூடப் போகிறவர் அவசரப்படுத்தவும் கூடாது.

காலண்டர் தாளில் நாலு பெயருக்கும் டிக் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார் பெரியம்மா. போன வாரம் ஊருக்குப் போனபோது பார்த்தேன். ஐந்தாவதாக ஒரு பெயர் சேர்ந்திருந்தது, பெரியப்பாவின் கோணல் கையெழுத்தில்: பொதிகை.

இந்த முறை வீட்டில் யாரும் “வேணாம்” என்று சொல்லவில்லை. “எப்போ டாக்டர்கிட்ட போலாம்?” என்றுதான் கேட்டோம்.