முடங்கிய முயலும் நம் கடமையும்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது நம் நாட்டுப் பழமொழி. பிடிவாதக்காரனை எள்ளி நகையாடப் பிறந்த மொழி அது. மாயாபந்தரில் எங்கள் வீட்டில் வளரும் முயலுக்கோ உண்மையாகவே இரண்டு கால்கள்தாம் வேலை செய்கின்றன. பின்னங்கால்கள் செயலற்றுப் போய் ஓராண்டுக்கு மேலாகிறது. முன்னங்கால்களை ஊன்றி, உடலை இழுத்துக்கொண்டு அது உணவுத் தட்டுக்கு வந்து சேர்கிறது. இதைக் கூறி உங்கள் இரக்கத்தைப் பெறுவது என் நோக்கமன்று. முடங்கிய உயிர் ஒன்று வீட்டில் இருக்குமானால், அறிவும் அன்பும் உடையவர் செய்யத்தக்கது என்ன? அதனை ஆராய்வதே என் நோக்கம்.

ஊரில் எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகள் மூன்று. “அறுத்துவிடுங்கள்” என்றனர் சிலர். “காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்” என்றனர் வேறு சிலர். “அதன் விதி அவ்வளவுதான், ஒரு மூலையில் கிடக்கட்டும்” என்றனர் மற்றும் சிலர். மூன்றும் தீய உள்ளத்தில் பிறந்தவை அல்ல. எனினும் மூன்றும் பொருந்தாதவை என்பது என் துணிபு.

முதல் அறிவுரையைப் பார்ப்போம். பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒருநாள் என்னிடம், “தம்பி, இது கறிக்கும் ஆகாது, காட்சிக்கும் ஆகாது, உங்க அம்மாவுக்கு எதுக்கு இந்தப் பாடு?” என்று கேட்டார். நான் புலால் மறுத்தவன் அல்லன். கறிக்கென முயல் வளர்ப்போரைப் பழிக்கவும் எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்று எண்ணிப் பாருங்கள். காட்டில் பின்னங்கால் இழந்த முயல் நெடுநாள் வாழாது; நாயோ நரியோ பருந்தோ அதன் கதையை விரைவில் முடித்துவிடும். முடங்கிக்கொண்டே மாதக்கணக்கில் வாழும் முயல் என்பது மனிதன் வீட்டில் மட்டுமே காணத்தக்க பொருள். வளையையும் ஓட்டத்தையும் அதனிடமிருந்து பறித்து, ஈடாகப் பாதுகாப்பைத் தருவோம் என்று சொல்லாமல் சொல்லி அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் நாம். அது துள்ளித் திரிந்த நாளில் அந்த ஒப்பந்தம் நமக்கு இனித்தது. அதன் கால் ஓய்ந்த நாளில் கசக்கலாமோ?

முடக்கம் வரும் வழிகளில் பலவற்றுக்கு மனிதனே காரணம். முயலின் எலும்புக்கூடு முழுவதும் அதன் உடல் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேற்படுவதில்லை. அத்தகைய மென்மையான எலும்போடு வலிமை மிக்க பின்னங்கால் தசைகள் பிணைந்திருக்கின்றன. சரியாகத் தாங்காமல் தூக்கினால் அது உதைத்துத் திமிறும். அந்த உதையிலேயே அதன் இடுப்பு முதுகெலும்பு முறியும். சந்தையில் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறார்களே, அது முயலைத் தூக்கும் முறையே அன்று. ஒரு கை மார்பையும் மறு கை பின்புறத்தையும் தாங்கவேண்டும். மற்றொரு காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. என்செபாலிட்டோசூன் என்னும் நுண்ணுயிர் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். தலை சாயும், பின்கால் தளரும். இது நோயுற்ற முயலின் சிறுநீர் வழியே பரவுவது. எனவே கூண்டின் தூய்மை அழகுக்காக மட்டும் அன்று.

இரண்டாவது அறிவுரை காட்டில் விடுவது. இதைக் கேட்கும்போது எனக்கு இண்டர்வியூ தீவு நினைவுக்கு வருகிறது. மாயாபந்தருக்கு மேற்கே கடலில் உள்ள தீவு அது. அங்கே மரம் இழுக்க யானைகளைக் கொண்டுவந்த ஒரு மரத்தொழில் நிறுவனம், தொழில் நொடித்தபோது, 1962ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40 யானைகளை அப்படியே விட்டுச் சென்றது. உழைத்துத் தேய்ந்த விலங்குகள் ஓரிரவில் உரிமையாளர் அற்றவை ஆயின. யானையே இல்லாதிருந்த அத்தீவின் மரங்கள் பட்டை உரிந்து பாழாயின. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்களும் அவ்வாறே; வேட்டையாடும் பெரும் விலங்கு இல்லாத அந்தமானில் அவை பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்து காட்டின் வளர்ச்சியைக் கெடுத்தன. ஆஸ்திரேலியாவில் 1859ஆம் ஆண்டு வேட்டை இன்பத்துக்காக ஒரு செல்வர் அவிழ்த்துவிட்ட ஒரு சில முயல்கள் அந்தக் கண்டத்தையே அலைக்கழித்த கதையை உலகம் அறியும்.

“முடங்கிய ஒரு முயல் எப்படிப் பெருகும்?” என்று நீங்கள் கேட்கலாம். பெருகாது, நாய்க்கும் உடும்புக்கும் இரையாகும், அல்லது பசியால் சாகும். ஆனால் வேண்டாத விலங்கைக் காட்டில் தள்ளலாம் என்னும் மனப்பழக்கம் பெருகும். யானையில் தொடங்கிய அது முயலிலும் தொடர்கிறது. தக்க காரணமின்றி ஒரு விலங்கைப் பசிக்கும் தாகத்துக்கும் இரையாகும்படி கைவிடுவது சட்டப்படியும் குற்றம். அந்தச் சட்டம் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அது பிறந்த வரலாற்றில் தமிழர்க்கு ஒரு தனிப்பெருமை உண்டு. 1952இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் தனி உறுப்பினராக முன்வைத்த மசோதாவே அதற்கு வித்து. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய நடனமணி என்று அவரைப் போற்றுகிறோம். வாயில்லா உயிர்களுக்காக அவர் வாதாடியதைப் பேச மறந்துவிடுகிறோம். விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்துக்கு வேண்டிய நியாயமான ஏற்பாடுகள் அனைத்தையும் செய்யவேண்டும் என்று அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு கூறுகிறது. கால் உள்ள விலங்கு, கால் இல்லாத விலங்கு என்ற பாகுபாடு அதில் இல்லை.

இனி மூன்றாவது அறிவுரை. கிடக்கட்டும் என்று விடுவது. மேலோட்டமாகப் பார்த்தால் இது இரக்கம் போலத் தோன்றும். உண்மையில் மூன்றிலும் கொடியது இதுவே. காரணம், முடங்கிய முயலைப் பெரிதும் வதைப்பது முடக்கமன்று. அதைத் தொடர்ந்து வரும் தோல் எரிச்சலும் புண்ணும்தான்.

நலமுள்ள முயல் சிறுநீர் கழிக்கும்போது பின்பகுதியை உயர்த்திக்கொள்ளும். முடங்கிய முயலுக்கு அது இயலாது. சிறுநீர் தொடையிலும் அடிவயிற்றிலும் வழிந்து ஊறும். உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் மிகுதியைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுவது முயலின் உடலமைப்பு. ஆதலால் அந்தச் சிறுநீர் தடித்துப் படியும். மயிர் உதிரும், மெல்லிய தோல் சிவக்கும், பின்னர் வெந்த புண்போல் ஆகும். மேலும், முயல் தன் மென்மையான ஒருவகைப் புழுக்கையைக் குதத்திலிருந்தே நேரே எடுத்துத் தின்னும். அருவருக்க வேண்டா, அதன் உயிர்ச்சத்தில் பெரும்பங்கு அதிலிருந்தே கிடைக்கிறது. உடலை வளைக்க முடியாத முயலுக்கு அதுவும் வாய்க்கு எட்டாமல் மயிரில் ஒட்டிக்கொள்ளும். ஈரமும் அழுக்கும் கண்ட இடத்தில் ஈ முட்டையிடும். ஒரே நாளில் புழு வெளிவந்து உயிருள்ள தசையையே தின்னத் தொடங்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் அந்தமானில், துணியே உலர மறுக்கும் மழை மாதங்களில், இந்த ஆபத்து எத்தகையது என்று சொல்லவேண்டுமோ? முயலோ இரையாகப் பிறந்த விலங்கு. வலியை மறைப்பதே அதன் இயல்பு. அது கத்திக் கூப்பிடாது. மூலையில் கிடப்பதைப் பார்த்து, நிம்மதியாக இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்வோம்.

ஆகவே நாள்தோறும் செய்யத்தக்கவை சில உண்டு. என் தாயார் செய்வதைக் கண்டும், மருத்துவர் கூறக் கேட்டும், நூல்களைப் படித்தும் தெளிந்தவற்றைக் கூறுகிறேன்.

கம்பித் தரையில் முயலைக் கிடத்தலாகாது. முயலின் பாதத்தில் நாய் பூனைக்கு உள்ளதுபோன்ற சதைமெத்தை கிடையாது. மயிரே அதற்கு மெத்தை. கம்பியும் கரட்டுத் தரையும் அதைத் தேய்த்துப் புண்ணாக்கும். மரம் அறுக்கும் ஊர் என்பதால் எங்கள் பக்கத்தில் மரத்தூள் எளிதில் கிடைக்கும். ஆனால் அது புண்ணில் ஒட்டும், அதன் தூசி மூக்கை உறுத்தும். பழைய பருத்தி வேட்டியைப் பல மடிப்பாக்கி விரிப்பதே நலம். காலை, பிற்பகல், இரவு என மும்முறையேனும் அதை மாற்றவேண்டும். பின்புறத்தை ஒவ்வொரு நாளும் தவறாமல் புரட்டிப் பார்க்கவேண்டும். அழுக்கான இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரால் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி, முற்றிலும் உலர்த்தவேண்டும். முழுக்காட்டுதல் கூடாது, அடர்ந்த உள்மயிர் எளிதில் உலராது, முயலும் அஞ்சி அதிர்ச்சியுறும். ஒரே பக்கமாகக் கிடவாமல் அவ்வப்போது மாற்றிக் கிடத்தவேண்டும். புல்லும் தண்ணீரும் வாய்க்கு எட்டும் தொலைவில் இருக்கவேண்டும். அறுகம்புல்லும் கினிப்புல்லும் போன்ற நார்மிக்க உணவே அதன் குடலை இயங்கச் செய்வது. அரைநாள் அது ஒன்றும் உண்ணவில்லையென்றால், நாளை பார்ப்போம் என்று இருத்தலாகாது. குடல் நின்றுபோவது அதற்கு உயிராபத்து.

எல்லா அரிப்பும் ஈரத்தால் வருவதன்று. மூக்கு, உதடு, காதோரம், பாதம் ஆகிய இடங்களில் பொருக்குத் தட்டினால் சொறி உண்ணி இருக்கலாம். வட்டவட்டமாக மயிர் உதிர்ந்தால் படர்தாமரைப் பூஞ்சை இருக்கலாம். இவ்விரண்டும் மனிதருக்கும் தொற்றத்தக்கவை. தோலைச் சிறிது சுரண்டி உருப்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் உண்மை புலப்படும். உண்ணிக்கு ஐவர்மெக்டின் என்ற நல்ல மருந்து உண்டு. அளவை மருத்துவரே கூறவேண்டும்.

இங்கே எச்சரிக்கை ஒன்று மிக இன்றியமையாதது. வீட்டில் மீந்திருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்து முயலுக்குப் புகட்டாதீர்கள். அது குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலையே கொன்றுவிடக்கூடும். நாய்க்குத் தடவும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு. தோலில் எதைத் தடவினாலும் முயல் நக்கிவிடும். எனவே வெளிமருந்து என்று நாம் கருதுவது அதற்கு உள்மருந்தே ஆகும். அன்பு இருந்தும் அறிவு இல்லாவிட்டால் அந்த அன்பே கொல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

“மனிதருக்கே மருத்துவ வசதி போதாத தீவில், முயலுக்கு இவ்வளவு பாடா?” என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்வி, நேர்மையான விடை தருவது என் கடமை. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதிக்குப் பணம் வேண்டா. பழந்துணி, வெந்நீர், புல், நாளில் ஒரு மணி நேரம், இவையே போதும். எந்த மனிதரின் மருந்தையும் இது பறிக்கவில்லை. இன்னொன்றும் கூறுவேன். படுக்கையில் விழுந்த முதியவரின் முதுகில் புண் வருவது எதனால்? ஒரே இடத்தில் அழுத்தம், ஈரம், புரட்டிப் படுக்கவைக்க ஆளின்மை. முயலின் புண்ணுக்கும் காரணங்கள் இவையே அல்லவா? ஒரு சிறு முயலை உலர்ந்த துணியில் வைத்துக் காக்கக் கற்றுக்கொண்ட வீட்டில், பாட்டியின் படுக்கையும் ஈரமாய் இராது. கவனிப்பு என்பது ஒரு பழக்கம். அது முயலிடம் தொடங்கினாலும் மனிதரிடம் வந்து சேரும்.

ஆனால் எல்லை ஒன்று உண்டு என்பதையும் மறைத்தலாகாது. எவ்வளவு காத்தும் புண் ஆறாமல், வலி தணியாமல், பல்லை நறநறவெனக் கடித்துக்கொண்டு உணவையும் மறுக்கும் நிலை வரலாம். அப்போது மருத்துவர் கையால் வலியற்ற முடிவு தருவது கொடுமை ஆகாது. இழுத்துப் பிடித்து வைப்பதே கொடுமை. அறுத்துவிடு என்பதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன என்று கேட்கலாம். அது நம் வசதிக்காக. இது அதன் வலிக்காக. முன்னது கேட்டவுடன் முடிவு செய்வது. பின்னது முயன்று பார்த்துக் கலங்கியபின் முடிவு செய்வது.

மன்றத்து நண்பர்களே! தமிழில் முயலைப்பற்றி நான் கண்ட கையேடுகள் பெரும்பாலும் எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ கறி, எவ்வளவு வருவாய் என்பதையே பேசுகின்றன. அவையும் வேண்டியவையே. ஆனால் நோயுற்ற முயலை எப்படித் தூக்குவது, எதைப் புகட்டக்கூடாது என்பதைத் தமிழ் மட்டும் அறிந்த ஒரு தாய் எங்கே படிப்பாள்? நாம் பயிலும் அறிவியல் பிறமொழி நூல்களிலேயே அடைபட்டுக் கிடந்தால், அது நம் வீட்டு அடுக்களைக்கு எப்போது வந்து சேரும்? உயிரியலும் கால்நடை மருத்துவமும் பயிலும் நம் மன்ற உறுப்பினர் நால்வர் ஒன்றுகூடினால், பதினாறு பக்கத்தில் ஒரு சிறு நூல் எழுதிவிடலாம். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அதில் பத்துப் படிகளை நான் மாயாபந்தருக்கு எடுத்துச் செல்ல ஆயத்தமாக இருக்கிறேன். எழுத முன்வருவோர் யார்?