வேடம் எது, மெய் எது?

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒன்றான டெனசியில் 2023 மார்ச் 2ஆம் திகதி ஆளுநர் பில் லீ ஒரு சட்டமூலத்தில் கையொப்பமிட்டார். பொது இடங்களிலும் சிறுவர்கள் காணக்கூடிய இடங்களிலும் நடத்தக்கூடாத கேளிக்கைகள் எவையென வரையறுக்கும் அச்சட்டம், ஆடை களையும் நடனக்காரரோடு 'ஆண் அல்லது பெண் வேடமிடுவோர்' என்ற பிரிவினரையும் ஒரே வரியில் சேர்த்தது. சிறுவருக்குத் தீங்கான, காமத்தைத் தூண்டும் நிகழ்ச்சிகளுக்கே இச்சட்டம் பொருந்துமென அதனை ஆதரித்தோர் விளக்கினர். அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. பிறந்தபோது ஆண் எனப் பதியப்பட்டு, பின்னர் பெண்ணாகவே வாழ்ந்து வரும் ஒருவர் பெண்ணுடையில் மேடையேறினால், அவர் வேடமிட்டவரா?

சட்டம் இயற்றியோர் இக்கேள்வியைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால், அதே கேள்வி அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே, முற்றிலும் எதிர்முனையிலுள்ள ஓரிடத்தில், அதாவது அந்தக் கலையைப் போற்றி வளர்த்தவர்களின் நடுவிலேயே எழுந்திருந்தது. அந்த விவாதத்தின் மையத்துக்கு வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர் ஜியா கன் என்ற ஜப்பானிய அமெரிக்கத் திருநங்கை. அவரது கலை வாழ்வைச் சற்று நின்று நோக்குவது இன்றைய அமெரிக்க அரசியலை விளங்கிக்கொள்ள உதவும் எனக் கருதுகிறோம்.

ஜியா கன் 1990இல் சிக்காகோவில் பிறந்தவர். சிறுவயதிலேயே கபுகி நடனம் பயின்றவர். சிக்காகோ நகரில் கபுகி எவ்வாறு வந்தது என்பதே ஒரு தனிக் கதையாகும். 1942 பெப்ரவரி 19ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் இலக்க நிறைவேற்று ஆணையின் பேரில், மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 1 இலட்சத்து 20 ஆயிரம் ஜப்பானிய வம்சாவளியினர் முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலானோர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த பிரஜைகள். முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டோர் பழைய ஊர்களுக்குத் திரும்பாமல் உள்நாட்டு நகரங்களில் குடியேறுமாறு ஊக்குவிக்கப்பட்டனர். யுத்தத்துக்கு முன்னர் சில நூறு ஜப்பானியரே வாழ்ந்த சிக்காகோவில் அவர்களது தொகை ஏறத்தாழ 20 ஆயிரமாகப் பெருகியது இவ்விதமே. ஆலயங்களும் நடனப் பள்ளிகளும் அவர்களோடு வந்தன. அரசு ஒரு பிரஜையின் பிறப்பை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன நேரும் என்பதை அனுபவத்தில் அறிந்த சமூகம் அது. இந்த விடயத்துக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

கபுகியின் வரலாறே ஒரு முரண்நகை. 1603ஆம் ஆண்டளவில் கியோத்தோவில் அதனை ஆடித் தொடக்கியவர் இசுமோ நோ ஒகுனி என்ற பெண். 1629இல் ஷோகன் ஆட்சி, ஒழுக்கக் கேட்டைக் காரணங்காட்டிப் பெண்களை மேடையிலிருந்து அகற்றியது. அவர்களுக்குப் பதிலாகப் பெண் பாத்திரமேற்ற இளைஞர்களையும் 1652இல் அதே காரணத்துக்காகத் தடை செய்தது. எஞ்சியோர் வளர்ந்த ஆண்களே. அவர்களிடமிருந்துதான் 'ஒன்னகாதா' எனப்படும் பெண் பாத்திரக் கலைஞர் மரபு தோன்றியது. ஒரு தணிக்கை உத்தரவின் பக்க விளைவாகப் பிறந்த மரபு, நாளடைவில் ஜப்பானின் பெருமையாகவே மாறிவிட்டது. ஐந்தாம் பந்தோ தமசபுரோ என்ற ஒன்னகாதா கலைஞருக்கு 2012இல் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்ற கௌரவத்தை ஜப்பானிய அரசு வழங்கியது.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த யொஷிசாவா அயமே என்ற புகழ்பெற்ற ஒன்னகாதா, தமது கலை பற்றிக் கூறியவை ஒரு நூலாகத் தொகுக்கப்பட்டுள்ளன. அன்றாட வாழ்விலும் பெண்ணாகவே வாழாத ஒருவர் மேடையில் சிறந்த ஒன்னகாதாவாக முடியாது என்பது அதன் சாரம். மேடைக்கும் வீட்டுக்கும் இடையிலான கோட்டை அழித்தால்தான் கலை கைகூடும் என மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஒருவர் எண்ணியிருக்கின்றார் என்பது வியப்புக்குரியது. எனினும் அயமேயின் உலகத்திலும் அந்தப் பெண்மை கலைக்கான தவமாகவே மதிக்கப்பட்டது. ஒருவரது மெய்யான இயல்பு என்ற நிலையில் அதற்கு அங்கீகாரம் இருந்ததாகக் கொள்ள முடியாது.

ஜியா கன் பெண்ணின் நடையையும் கையசைவையும் ஒரு ஒழுங்கான கலையாகக் கற்றது இம்மரபின் வழியேதான். வளர்ந்த பின்னர் அவர் சென்று சேர்ந்தது ட்ராக் எனப்படும் மேடைக்கு. மிகையான பெண் ஒப்பனையோடு ஆடியும் பாடியும் நையாண்டி செய்தும் பார்வையாளரை மகிழ்விக்கும் கேளிக்கைக் கலை அது. சிக்காகோ அதற்குப் பேர்போன நகரம். 1969இல் தொடங்கப்பட்ட 'பற்றன்' அரங்கு இன்றும் அங்கே பெயருடன் விளங்குகின்றது. ஆனால் அதே நகரில் 1851இலிருந்து, தன் பாலுக்குரியதல்லாத உடையில் பொதுவிடத்தில் தோன்றுவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1974இல் இக்குற்றத்துக்காகக் கைதான இருவர், தாம் பாலின மாற்றச் சிகிச்சையில் இருப்பவர்கள் என வாதிட்டு மேன்முறையீடு செய்தனர். அவர்களுக்கு அச்சட்டத்தைப் பிரயோகித்தது அரசியலமைப்புக்கு முரணானது என இலினோய் மாநிலத்தின் உயர் நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது. மேடையில் கைதட்டல், தெருவில் கைவிலங்கு என்பதே அக்கால நிலை. பல திருநங்கைகளுக்கு அந்த மேடையைத் தவிர வேறு தொழில் திறந்திருக்கவில்லை என்பதையும் இங்கு மறந்துவிடலாகாது.

2014இல் ஜியா கன் 'ருபோல்ஸ் ட்ராக் ரேஸ்' என்ற தொலைக்காட்சிப் போட்டியின் ஆறாவது பருவத்தில் தோன்றினார். கறுப்பினக் கலைஞரான ருபோல் 2009இல் ஆரம்பித்த இந்நிகழ்ச்சியே, இரவு விடுதிகளுக்குள் அடங்கிக் கிடந்த கலையை வீடுகளின் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. ஜியா கன் அப்போட்டியில் வெகுதூரம் செல்லவில்லை. ஆனால் கூரிய நாக்கினால் பலரது நினைவிலும் நின்றார். அதே பருவத்தில் இடம்பெற்ற சிறு விளையாட்டொன்று திருநங்கைகளை இழிவுபடுத்தும் சொல்லைக் கையாண்டதாகக் கண்டனம் எழுந்தது. ஒளிபரப்பு நிறுவனம் நிகழ்ச்சியில் வழமையாக ஒலித்துவந்த, அச்சொல்லை ஒத்த ஒரு தொடரையும் கைவிட நேர்ந்தது. தாம் ஒரு திருநங்கை என்பதை ஜியா கன் பகிரங்கமாக அறிவித்தது அதற்கு மூன்று ஆண்டுகளின் பின்னர், 2017இல்.

அவர் குறையற்றவர் என நாம் கூறவரவில்லை. சக போட்டியாளர்களைப் புண்படுத்தும் பேச்சு அவரது அடையாளமாகவே ஆகியிருந்தது. 2020இல் கொவிட் தொற்றுக் காலத்தில் அந்நோயை ஒரு புரளி என்று கூறிப் பலத்த எதிர்ப்பைச் சம்பாதித்து, பின்னர் மன்னிப்புக் கோரினார். ஒருவரது உரிமையைப் பற்றிப் பேசுவதற்கு அவர் உத்தமராக இருக்க வேண்டுமென்ற நிபந்தனை கிடையாது என்பதால் இவற்றை மறைக்க வேண்டிய தேவையும் எமக்கு இல்லை.

2018 மார்ச் மாதம் பிரித்தானியாவின் 'கார்டியன்' பத்திரிகைக்கு ருபோல் வழங்கிய செவ்வி பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. பாலின மாற்றத்தை முழுமையாக மேற்கொண்ட ஒரு பெண்ணைத் தமது போட்டியில் அநேகமாகச் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை என்ற கருத்தை அவர் அதில் வெளியிட்டார். ட்ராக் கலையின் துணிகரமும் நையாண்டியும் அதனை ஆண்கள் நிகழ்த்துவதிலேயே உள்ளன என்பது அவரது வாதம். எதிர்ப்புக் கிளம்பியதும், ஊக்கமருந்து உட்கொண்டவரும் விளையாட்டு வீரர்தான், ஆனால் ஒலிம்பிக்கில் பங்குபற்ற முடியாது என்ற கருத்துப்பட எழுதி நெருப்பில் எண்ணெய் வார்த்தார். பின்னர் மன்னிப்புக் கேட்டார்.

ருபோலின் வாதத்தை வெறும் வெறுப்பு என ஒதுக்கிவிட முடியாது. ஆணாதிக்கச் சமுதாயத்தில் ஓர் ஆண் தனக்குக் கிடைத்த மேன்மையைக் களைந்துவிட்டுச் சேலையும் சாந்துமாக வந்து நிற்பதில் ஒரு கலகம் இருக்கத்தான் செய்கின்றது. ஆயினும் அவ்வாதம் ஒரு கலைஞரின் திறமையை அளப்பதற்கு அவரது உடலைச் சோதித்துப் பார்க்கச் சொல்கின்றது. ஒப்பனை, நடனம், நகைச்சுவை ஆகியவற்றில் எது ஒருவரின் ஹோர்மோனைப் பொறுத்து மாறுகின்றது? அயமேயின் அளவுகோலை எடுத்துக்கொண்டால், நாள் முழுவதும் பெண்ணாக வாழ்பவரே இக்கலைக்கு மிகப் பொருத்தமானவர் என்றல்லவா முடிவாகும்?

அச்செவ்வி வெளியாகி ஒன்பது மாதங்களில், 2018 டிசம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'ஓல் ஸ்டார்ஸ்' நான்காம் பருவத்தில் ஜியா கன் திருநங்கையாக அதே போட்டிக்குத் திரும்பினார். இடையில் சிலி நாட்டின் 'த சுவிட்ச்' என்ற போட்டியிலும் ஸ்பானிய மொழியில் பங்குபற்றியிருந்தார். ஓல் ஸ்டார்ஸின் திறமைச் சுற்றில் அவர் தெரிவுசெய்தது விசிறிகளோடு ஆடும் கபுகி பாணி நடனம். ஆண்களுக்கென ஒதுக்கப்பட்ட பெண் பாத்திரக் கலையை, பெண்ணாகிவிட்ட ஒருவர், பெண்ணானவர்க்கு இடமில்லை எனக் கூறியவரின் முன்னிலையில் ஆடிக்காட்டினார். கபுகியின் பெரிய அரங்குகளில் இன்றும் ஆண்களே நடிக்கின்றனர் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சில நிமிடங்கள் இரண்டு மரபுகளின் விதிகளையும் ஒருசேரத் தாண்டியவை எனலாம். போட்டியில் அவர் வெல்லவில்லை. ஆயினும் கதவு மூடப்படவில்லை. 2021இல் ஓல் ஸ்டார்ஸ் ஆறாம் பருவத்தில் கைலி சோனிக் லவ், 2023இல் பிரதான போட்டியின் பதினைந்தாம் பருவத்தில் ஹவாயைச் சேர்ந்த சாஷா கோல்பி என இரு திருநங்கைகள் மகுடம் சூடினர்.

கலைஞர்கள் தம்முள் வாதிட்டு, தவறைத் திருத்திக்கொண்டு முன்னகர்ந்த அதே காலப்பகுதியில்தான் சட்டமன்றங்கள் எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கின. டெனசிச் சட்டம் கருத்துச் சுதந்திரத்துக்கு முரணானது என 2023 ஜூன் மாதம் சமஷ்டி நீதிபதி தோமஸ் பார்க்கர் தீர்ப்பளித்தார். அவர் ட்ரம்பினாலேயே நியமிக்கப்பட்டவர் என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், வழக்குத் தொடுத்த நாடகக் குழுவுக்கு வழக்காடும் தகைமை இல்லையெனக் கூறி அத்தீர்ப்பை நீக்கியது. 2025 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அவ்வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. அதே மாதம், தலைநகரிலுள்ள கென்னடி கலை நிலையத்தின் தலைமையைத் தாமே ஏற்கப்போவதாக அறிவித்த ஜனாதிபதி ட்ரம்ப், அங்கு இடம்பெற்ற ட்ராக் நிகழ்ச்சிகளை அதற்கான காரணங்களில் ஒன்றாகக் காட்டினார்.

ட்ரம்ப் இரண்டாம் தடவையாகப் பதவியேற்ற 2025 ஜனவரி 20ஆம் திகதியே வெளியிட்ட ஆணை, ஆண், பெண் என்ற இரு பால்களையே அரசு அங்கீகரிக்கும் என்றும் அவை மாற்ற முடியாதவை என்றும் பிரகடனம் செய்தது. அதன் விளைவாகக் கடவுச்சீட்டுகளில் பிறப்பின்போது பதியப்பட்ட பால் மட்டுமே குறிக்கப்படும் என்றாயிற்று. 2021இலிருந்து மருத்துவச் சான்றிதழ் இன்றியே பிரஜைகள் தாமாகப் பாலைத் தெரிவுசெய்யும் வசதி இருந்தது, அது நீங்கியது. கீழ் நீதிமன்றம் விதித்த தடையை 2025 நவம்பர் 6ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. பிறந்த நாட்டைக் குறிப்பிடுவது போலவே, பிறப்பின்போதான பாலைக் குறிப்பிடுவதும் ஒரு வரலாற்று உண்மையைப் பதிவதேயன்றி வேறில்லை என்பது பெரும்பான்மை நீதியரசர்களின் நிலைப்பாடு. மூவர் மாறுபட்டனர்.

வரலாற்று உண்மை என்ற சொல் எம்மை 1942க்கு இட்டுச் செல்கின்றது. முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களின் பெற்றோர் ஜப்பானில் பிறந்தனர் என்பதும் வரலாற்று உண்மையே. இரண்டையும் ஒன்றென நாம் கூறவில்லை. முட்கம்பியும் கடவுச்சீட்டின் ஓர் எழுத்தும் சமமாகா. ஆனால் பிறப்புப் பற்றிய தகவல் அதிகாரியின் மேசைக்கு வந்ததும் வெறும் தகவலாக நின்றுவிடுவதில்லை. 1988இல் அமெரிக்க காங்கிரஸ் அம்மக்களிடம் மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20 ஆயிரம் டொலர் இழப்பீடு வழங்கியமை அதனை ஒப்புக்கொண்டதற்கு ஒப்பானது.

விந்தை யாதெனில், இவ்விடயத்தில் பழைமைபேணும் நாடெனக் கருதப்படும் ஜப்பான் வேறு திசையில் அடியெடுத்து வைத்துள்ளது. 2003இல் நிறைவேற்றப்பட்ட அந்நாட்டுச் சட்டம், பாலை மாற்றிப் பதிவதற்கு இனப்பெருக்க ஆற்றலை இழந்திருக்க வேண்டுமெனக் கடும் நிபந்தனை விதித்திருந்தது. 2023 ஒக்டோபர் 25ஆம் திகதி ஜப்பானிய உயர் நீதிமன்றத்தின் 15 நீதியரசர்களும் ஏகமனதாக அந்நிபந்தனை அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தனர். ஏனைய நிபந்தனைகளில் மணமாகாதிருத்தல் போன்றவை நீடிக்கின்றமையால் அங்கும் முழு விடுதலை கிட்டிவிடவில்லை.

அமெரிக்க நீதிமன்றத்தின் நவம்பர் உத்தரவு இறுதித் தீர்ப்பல்ல. வழக்கு முடியும் வரையிலான அனுமதி மாத்திரமே. அதுவரை, ஊர் ஊராக, நாடு நாடாகச் சென்று பிழைக்கும் ஒரு திருநங்கைக் கலைஞருக்கு இதன் பொருள் மிக எளிமையானது. மேடையில் பெண்ணாகி, திரை விழுந்ததும் ஆணாகிவிடும் ட்ராக் கலைஞரின் கடவுச்சீட்டில் சிக்கல் ஏதுமில்லை. திரை விழுந்த பின்னரும் பெண்ணாகவே விமான நிலையத்துக்கு வருபவர், புதிதாக எடுத்த கடவுச்சீட்டை நீட்டும்போது, அதிலுள்ள எழுத்து ஒன்றும் எதிரே நிற்பவர் இன்னொன்றுமாக இருக்கக் காணும் குடிவரவு அதிகாரிக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.