பெயரில் மீண்ட மொழி

“பெயர் என்பது ஆளை அழைக்கும் ஓர் ஒலி, அஃது எம்மொழியில் இருந்தால் என்ன?” என்று வினவுவோர் எல்லா நாட்டிலும் உளர். அவர்க்குரிய விடை வடபுலத்துப் பின்லாந்தில் இருக்கிறது. தம் நாட்டைத் தம் மொழியில் ‘சுவோமி’ என வழங்கும் அம்மக்கள், தம் ஆண்மகவுக்கு இட்டு அழைக்கும் பெயர்களே அவ்விடை.

‘தோய்வோ’ என்றால் நன்னம்பிக்கை. ‘ஒன்னி’ என்றால் நற்பேறு. ‘ஆர்வோ’ என்றால் மதிப்பு. ‘ஆர்மாசு’ என்றால் அன்புக்குரியவன். ‘தார்மோ’ என்றால் ஊக்கம். ‘உர்கோ’ என்றால் மறவன். இவற்றின் பொருளறிய எவரும் அகரமுதலியைப் புரட்ட வேண்டுவதில்லை. உழவனும் மீனவனும் தம் பேச்சில் வழங்கும் சொற்களே பெயராகி நிற்கின்றன. பொருள் விளங்கும் பெயரைச் சூடிய மகன், தன்னை ஒருவர் விளிக்குந்தோறும் தன் தாய்மொழியின் ஒரு சொல்லைக் கேட்கிறான்.

இந்நிலை எளிதில் வந்ததன்று. ஏறத்தாழ 600 ஆண்டுகள் அந்நாடு சுவீடிய ஆட்சியில் இருந்தது. 1809 முதல் 1917 வரை உருசியப் பேரரசின் கீழ் இருந்தது. பேரரசு மாறியும் அலுவல் மொழி சுவீடியமாகவே நீடித்தது. பின்னியம் உழவர் குடிலின் மொழியென இழித்துரைக்கப்பட்டது. வீட்டில் யூகோ என அழைக்கப்பட்டவன் கிறித்தவக் கோயிலின் பதிவேட்டில் யோகான் ஆனான். அந்தி என்பவன் அந்தேர்சு ஆனான். தாய் அழைத்த பெயர் ஒன்று. வரி தண்டுவோன் அறிந்த பெயர் வேறொன்று! தன் பெயரையே தன் மொழியில் ஏட்டில் ஏற்ற இயலாதவனுக்கு அவ்வேடு காட்டிய உண்மை ஒன்றுதான்: அவன் மொழிக்கு அரங்கில் இடமில்லை.

எனினும் வேர் அறவில்லை. 1551இல் பின்னிய மொழியில் திருப்பாடல்களைப் பெயர்த்து வெளியிட்ட மிக்கேல் அகிரிக்கோலா, அம்மக்களின் பழந்தெய்வங்களைக் கடிந்துரைக்கப் புகுந்து, அவற்றின் பெயர்களை வரிசைப்படுத்தினார். காட்டுக்குரிய தாப்பியோவும் நீருக்குரிய அஃதியும் அவ்வரிசையில் உள்ளனர். கடியப்பட்ட அப்பெயர்கள் நாட்டுப்புறப் பாடல்களிலும் வாழ்ந்தன. அப்பாடல்களை ஊரூராய் நடந்து திரட்டிய எலியாசு இலோன்ரோத்து, 1835இல் ‘கலேவலா’வாகத் தொகுத்தளித்தார், 1849இல் அதனை விரித்தார். அதன்பின் வைனோ, இல்மாரி, தாப்பியோ, அஃதி என்னும் பெயர்கள் தொட்டில்களுக்கு இறங்கி வந்தன.

1863இல் உருசியப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர், 20 ஆண்டுகளுக்குள் பின்னியம் சுவீடியத்தோடு ஒத்த நிலை பெறவேண்டும் என ஆணையிட்டார். ஆணை அலுவலகக் கதவைத் திறந்தது. உள்ளத்தின் கதவைத் திறந்தோர் மக்களே. மொழியுரிமைக்கு உழைத்த சுனெல்மானின் நூற்றாண்டு நிறைவான 1906ஆம் ஆண்டு மே 12ஆம் நாளை ஒட்டிப் பல்லாயிரவர் தம் சுவீடியக் குடும்பப் பெயர்களைக் களைந்து பின்னியப் பெயர் பூண்டனர். 1908இல் நாட்காட்டியின் பெயர்நாள் வரிசையும் பின்னியப் பெயர்கள் நிறையத் திருத்தப்பெற்றது. 1917இல் நாடு விடுதலை பெற்றது. பெயர் மீட்பு முந்தியது. நாட்டு மீட்பு பிந்தியது! 1956 முதல் 1982 வரை அந்நாட்டின் குடியரசுத் தலைவராய் விளங்கியவர் உர்கோ கெக்கோனன். ‘மறவன்’ என்னும் எளிய நாட்டுச்சொல் நாட்டின் தலைமை இருக்கையில் அமர்ந்தது.

“அவர்களும் வேற்றுப் பெயர்களை வைத்துக்கொண்டனரே” என்று சிலர் மடக்கக்கூடும். வைத்துக்கொண்டனர், ஆனால் எவ்வாறு? கிறித்தோப்பர் என்பது ‘இரிசுட்டோ’ ஆயிற்று; சுதெபான் என்பது ‘தாப்பனி’ ஆயிற்று. சொன்முதலில் மெய்கள் அடுக்கி வருவதைப் பழம்பின்னியம் ஏற்பதில்லை. ஆகவே வந்த பெயர் தன் மெய்யைக் களைந்தே உள்ளே நுழைந்தது. தொல்காப்பியம் பயின்றார்க்கு இவ்வொழுங்கு புதிதன்று. விருந்தினன் வீட்டின் ஒழுங்குக்கு அடங்குவது வேறு. வீட்டுக்காரன் விருந்தினனுக்கு அடங்குவது வேறு.

மீட்டது என்றும் நிலைக்கும் என்னும் உறுதியும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒன்னி, தோய்வோ முதலிய பெயர்கள் பாட்டன்மார் பெயர்களென ஒதுங்கின. இந்நூற்றாண்டில் மீண்டும் தளிர்த்துள்ளன. ஆயினும் இலியோ, ஆலிவர் என்னும் பெயர்களும் அவற்றோடு முன்வரிசையில் நிற்கின்றன. 2019 முதல் நடைமுறையிலுள்ள பெயர்ச்சட்டம் எழுத்து முறைக்கும் பெயர் மரபுக்கும் ஓரளவு வேலியிடுகிறது. ஆனால் எச்சட்டமும் தொட்டிலருகே நின்று பெயர் சொல்லாது. அதைச் சொல்வது தாயின் வாய். அவ்வாயில் எம்மொழி இருக்கிறதோ, அம்மொழியே அடுத்த தலைமுறையில் வாழும்.