சொந்த முகாம் வண்டியை வாடகைக்கு விடலாமா?

எங்கள் வீட்டின் பக்கவாட்டில் ஒரு முகாம் வண்டி நிற்கிறது. சிலர் இதனைக் கேரவன் என்பர். மகிழுந்துக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லக்கூடிய சின்னஞ்சிறு வீடு அது. உள்ளே இரண்டு படுக்கைகள், ஒரு மடக்கு மேசை, எரிவாயு அடுப்பு, நீர்த்தொட்டி ஆகியவை உண்டு. என் அப்பா பணி ஓய்வு பெற்றபோது, ஊழியர் சேமநிதியிலிருந்து கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு இதனை வாங்கினார். லூமுட்டுக்கு அருகிலுள்ள தெலுக் பாத்தேக் கடற்கரைக்கும் பகாங்கின் செராத்திங் கடற்கரைக்கும் நாங்கள் இதில் சென்று வந்திருக்கிறோம். அலையோசையைக் கேட்டுக்கொண்டே உறங்கிய அந்த இரவுகளை என் பிள்ளைகள் இன்றும் பேசிப் பேசி மகிழ்கின்றனர்.

ஆனால், சென்ற ஆண்டு நாங்கள் அதில் தங்கிய இரவுகளைக் கணக்கிட்டபோது பத்தொன்பது மட்டுமே தேறின. எஞ்சிய 346 இரவுகளும் வண்டி வீட்டருகே சும்மாதான் நின்றது. "இதை வாடகைக்கு விட்டால் என்ன?" என்று என் தம்பி கேட்டான். "முன்பின் தெரியாதவர்கள் நம் படுக்கையில் படுப்பதா?" என்று அம்மா முகம் சுளித்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று தொடங்கிய விவாதம் எங்கள் வீட்டில் மூன்று மாதங்கள் நீடித்தது. அந்த விவாதத்தின் முடிவில் எனக்கு ஏற்பட்ட தெளிவையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பொருளை வாடகைக்கு விடுவதில் தவறேதும் இல்லை. ஆனால், பொருளை வாடகைக்கு விடலாமே தவிர, பொறுப்பை வாடகைக்கு விட முடியாது. அந்தப் பொறுப்பை ஏற்க நம்மால் முடியுமா என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும். எவ்வளவு பணம் வரும் என்பதை வைத்து அன்று.

தம்பியின் வாதத்தில் நியாயம் இருந்தது. கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் நாம் நீண்ட நாள் வீட்டிலேயே அடைந்து கிடந்தோம். 2021ஆம் ஆண்டு அக்டோபரில் மாநிலம் கடந்து பயணம் செய்ய மீண்டும் அனுமதி கிடைத்ததும், பலர் ஆற்றங்கரைகளையும் கடற்கரைகளையும் தேடிச் சென்றனர். கூடாரம் அடித்துத் தங்கும் பழக்கம் நகர்ப்புறக் குடும்பங்களிடையே பெருகியது. ஆனால், முகாம் வண்டி வாங்கும் வசதி எல்லாருக்கும் இல்லை. நாம் பயன்படுத்தாத நாள்களில் அதனை வேறொரு குடும்பம் பயன்படுத்தினால், அவர்களுக்குக் குறைந்த செலவில் ஒரு விடுமுறை கிட்டும். பத்துக் குடும்பங்கள் பத்து வண்டிகளை வாங்குவதைவிட, ஒரு வண்டியைப் பகிர்ந்துகொள்வது இயற்கைக்கும் நல்லது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தனிப்பட்டவர்கள் தங்கள் முகாம் வண்டிகளை இவ்வாறு வாடகைக்கு விடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

மேலும், சும்மா நிற்கும் வண்டி கெடாமல் இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் சக்கரங்களின் ரப்பர் வெடிக்கத் தொடங்கும், மின்கலம் செயலிழக்கும். நம் நாட்டின் ஈரப்பதத்தில் மெத்தையில் பூஞ்சை பிடிக்கும். கதவோரத்து இடுக்கு வழியே மழைநீர் கசியும். எலிகள் குடியேறினால் மின்கம்பிகளைக் கடித்துக் குதறிவிடும். பயன்படுத்தினால்தான் பழுது கண்ணில் படும். கண்ணில் பட்டால்தான் சரிசெய்வோம்.

இவ்வளவு நன்மைகள் இருக்கும்போது தயக்கம் எதற்கு? நாங்கள் ஒரு தாளை எடுத்து வரவு செலவைக் கணக்கிட்டோம். மழைக்காலத்தையும் எங்கள் சொந்தப் பயணங்களையும் தவிர்த்து, ஆண்டுக்கு இருபது வார இறுதிகள் வாடகைக்கு விடலாம் என்று வைத்துக்கொண்டோம். ஒரு வார இறுதிக்கு 400 ரிங்கிட் என்றால் 8,000 ரிங்கிட் வரவு. தம்பி முகம் மலர்ந்தான். பிறகு செலவை எழுதினோம். ஒவ்வொரு முறையும் துப்புரவு செய்ய 60 ரிங்கிட் வீதம் 1,200 ரிங்கிட். சக்கரம், நிறுத்தி போன்றவற்றின் பராமரிப்புக்கு 1,000. மெத்தை உறை, பாத்திரம், எரிவாயு ஆகியவற்றுக்கு 600. கூடுதல் காப்புறுதிக்கு 1,500. எதிர்பாராத சேதத்துக்கு 1,200 என்று உத்தேசமாகப் போட்டோம். மொத்தம் 5,500 ரிங்கிட். மிஞ்சியது 2,500 ரிங்கிட். வாடகை வருமானத்துக்கு வரியும் உண்டு என்பதால் அதனையும் உள்நாட்டு வருமான வாரியத்திடம் அறிவிக்க வேண்டும்.

அத்துடன் உழைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வண்டியை ஒப்படைப்பது, பயன்படுத்தும் முறையை விளக்குவது, திரும்பி வந்ததும் சோதிப்பது, கழுவுவது என ஒவ்வொரு முறையும் ஆறு மணி நேரமாவது ஆகும். இருபது முறைக்கு 120 மணி நேரம். அப்படியானால், ஒரு மணி நேர உழைப்புக்கு ஏறக்குறைய 21 ரிங்கிட்தான் கிடைக்கும். இது மோசமான வருமானம் அன்று. ஆனால், 'உட்கார்ந்த இடத்தில் வரும் பணம்' என்று தம்பி சொன்னது பொய்யாகிவிட்டது. வாடகைக்கு விடுவது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு அன்று. அது ஒரு தொழில்.

தொழில் என்று ஆனதும் சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. இ-ஹெய்லிங் சேவையை எண்ணிப் பாருங்கள். சொந்த மகிழுந்தில் நண்பரை ஏற்றிச் சென்றால் எவரும் கேள்வி கேட்பதில்லை. அதே மகிழுந்தில் கட்டணம் வாங்கிப் பயணியை ஏற்றினால் நிலைமை மாறிவிடுகிறது. 2019ஆம் ஆண்டு முதல் இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்குத் தனி ஓட்டுநர் உரிமமும் அச்சேவைக்கு உரிய காப்புறுதியும் கட்டாயமாக்கப்பட்டன. வண்டி மாறவில்லை, சாலையும் மாறவில்லை. பணம் கைமாறியதால் பொறுப்பு கூடியது. முகாம் வண்டிக்கும் இதே கதைதான். தனிப்பட்ட பயன்பாட்டுக்கென எடுத்த காப்புறுதி, பொதுவாக வாடகைப் பயன்பாட்டை ஏற்பதில்லை. வாடகைக்குச் சென்ற இடத்தில் விபத்து நேர்ந்தால், இழப்பீடு மறுக்கப்படலாம். வண்டியின் விலையோடு, பிறருக்கு ஏற்பட்ட இழப்பையும் உரிமையாளரே சுமக்க நேரிடலாம். ஆகவே, காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்து வழியாகக் கேட்டு, எழுத்து வழியாகவே பதில் பெற வேண்டும். உரிமம் வேண்டுமா என்பதை உரிய அரசாங்கத் துறையிடமும் கேட்டறிய வேண்டும். 'மற்றவர்கள் விடுகிறார்களே' என்பது பதிலாகாது.

சட்டத்தைவிடப் பெரியது உயிர். பின்னால் ஒரு வண்டியை இழுத்துச் செல்வது சாதாரணமாக மகிழுந்து ஓட்டுவதைப் போன்றதன்று. வேகத்தைக் குறைத்து நிறுத்துவதற்கு அதிக தூரம் தேவைப்படும். பின்னோக்கிச் செல்லும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் முகாம் வண்டி இடப்பக்கம் போகும். கனமான பொருள்களை எல்லாம் வண்டியின் பின்பகுதியில் அடுக்கினால், நெடுஞ்சாலையில் வேகம் கூடும்போது வண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கும். சில நேரங்களில் மகிழுந்தையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். இவற்றை அப்பா பல நாள் பழகிக் கற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமை மாலை வண்டியை எடுத்துச் செல்லும் ஒருவருக்கு அரை மணி நேரத்தில் இதனைக் கற்பிக்க முடியுமா?

தங்கும் இடத்திலும் ஆபத்து உண்டு. மழை பெய்கிறது என்று கரியடுப்பை வண்டிக்குள் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர்களை எழுப்பாமலேயே அது கொன்றுவிடும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் சிலாங்கூரின் பத்தாங்காலியில் ஒரு முகாம் தளத்தின்மீது மண் சரிந்து விழுந்தது. பள்ளி விடுமுறையைக் கழிக்க வந்திருந்த சிறுவர்கள் உட்பட 31 பேர் உயிரிழந்தனர். முகாம் நடத்துவதற்கான உரிமம் அந்த இடத்துக்கு இல்லை என்று அதிகாரிகள் பின்னர்த் தெரிவித்தனர். அங்குத் தங்கச் சென்றவர்கள், பணம் கொடுத்த இடம் பாதுகாப்பானதாகத்தான் இருக்கும் என்று நம்பியே உறங்கியிருப்பார்கள். பணம் வாங்குபவர், அந்த நம்பிக்கையையும் சேர்த்தே வாங்குகிறார். இதனை மறந்துவிடக் கூடாது.

"அப்படியென்றால் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்போம்" என்றார் அம்மா. கேட்பதற்கு இது பாதுகாப்பான வழியாகத் தோன்றும். எங்கள் அனுபவமோ வேறு. ஈராண்டுகளுக்கு முன், குடும்ப நண்பர் ஒருவருக்கு வண்டியை இலவசமாகக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது படிக்கட்டு உடைந்திருந்தது. மெத்தையில் குழம்புக் கறை இருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை, கேட்டால் மனம் நோகும் என்று பேசாமல் இருந்துவிட்டார். பழுதுபார்க்க 350 ரிங்கிட் செலவானது. அது பெரிய தொகை அன்று. ஆனால், அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வி, இருபது ஆண்டு நட்பின் நடுவே இன்றும் நிற்கிறது.

நம்மவர்களிடம் முன்பணம் கேட்பதும் ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்குவதும் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நான் அதனை ஏற்கவில்லை. வண்டியை ஒப்படைக்கும்போது இரு தரப்பினரும் சேர்ந்து சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டால், பின்னர் யாரும் யாரையும் சந்தேகிக்கத் தேவையில்லை. எது உடைந்தால் யார் செலவை ஏற்பது என்று முன்கூட்டியே எழுதிவிட்டால், பிறகு முகம் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. அன்று அப்பாவும் நண்பரும் ஒரு தாளில் நான்கு வரி எழுதியிருந்தால், உடைந்தது படிக்கட்டு மட்டுமாகவே இருந்திருக்கும்.

சரி, எங்கள் வீட்டில் என்ன முடிவெடுத்தோம்? மூன்று மாதங்கள் பேசாமல் இருந்த அப்பாதான் வழி காட்டினார். "வண்டியை நானே இழுத்துச் சென்று நிறுத்தித் தருகிறேன். அவர்கள் தங்கட்டும், ஓட்ட வேண்டாம். திரும்ப எடுத்து வருவதும் என் வேலை" என்றார். சாலையில் நேரக்கூடிய ஆபத்தின் பெரும்பகுதி இதனால் நீங்குகிறது. வண்டி எங்கு நிற்கும் என்பதையும் நாங்களே முடிவு செய்யலாம். உரிமம் பெற்ற முகாம் தளங்களுக்கு மட்டுமே கொண்டு செல்வது, ஆற்றின் விளிம்பிலும் செங்குத்தான சரிவின் அடியிலும் நிறுத்தாமல் இருப்பது, சமையலை வெளியில்தான் செய்ய வேண்டும் என்று எழுதி ஒட்டுவது என விதிகளை வகுத்தோம். ஆண்டுக்கு இருபது முறை என்பதை எட்டு முறையாகக் குறைத்துக்கொண்டோம். வருமானம் குறையும், ஆனால், அப்பாவால் தாங்கக்கூடிய அளவு அதுதான்.

எனினும், இன்றுவரை வண்டி வாடகைக்குச் செல்லவில்லை. காப்புறுதி நிறுவனத்தின் எழுத்துபூர்வமான பதிலுக்காகவும் உரிமம் பற்றிய விளக்கத்துக்காகவும் காத்திருக்கிறோம். பதில் சாதகமாக வந்தால் தொடங்குவோம், இல்லையேல் கைவிடுவோம். இதில் தம்பிக்குச் சற்று ஏமாற்றம்தான். "இதற்குள் இரண்டாயிரமாவது சம்பாதித்திருக்கலாம்" என்கிறான். இருக்கலாம். ஆனால், ஆழம் தெரியாமல் காலை விட்டவர்களின் கதைகளை நாம் நிறையவே கேட்டிருக்கிறோம்.

மாணவர்களே, உங்களிடம் முகாம் வண்டி இல்லாமல் இருக்கலாம். ஆனால், மிதிவண்டி, புகைப்படக் கருவி, இசைக்கருவி என ஏதேனும் ஒன்று இருக்கும். நாளை அதனை ஒருவர் பணம் கொடுத்துக் கேட்கலாம். அப்போது மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இது பாதுகாப்பான நிலையில் உள்ளதா? இதனைப் பயன்படுத்த அவருக்குத் தெரியுமா? ஏதேனும் நேர்ந்தால் அதன் இழப்பை யார் ஏற்பது என்று இருவரும் பேசிவிட்டோமா? மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் தயங்காமல் கொடுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் பணிவாக மறுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டு வருந்துவதைவிட, மறுத்துவிட்டு நட்பாக இருப்பது மேல்.