முதலில் செடி, பின்னர் மீன்

வண்ணமீன் கடைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். மற்ற மீன்களெல்லாம் பெரிய தொட்டிகளில் கூட்டங்கூட்டமாய் நீந்திக்கொண்டிருக்க, ஒருவகை மீன் மட்டும் சிறு குப்பிகளில் ஒவ்வொன்றாய் அடைபட்டிருக்கும். பட்டுத்துணி போன்ற துடுப்புகளை உடைய அம்மீனைக் கடைக்காரர் 'ஃபைட்டர்' என்பார். நூல்கள் அதனைப் பெட்டா என்கின்றன. ஆண்மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும் என்பது சிறுவர்களும் அறிந்த செய்தி. 'பெண்மீன்களாக வாங்கினால் ஐந்தாறை ஒன்றாகவே விடலாம், சண்டை வராது' என்ற சொல்லையும் நம்மில் பலர் கேட்டிருப்போம். அச்சொல்லில் பாதியே உண்மை. மறுபாதியை அறியாது தொட்டி அமைத்த வீடுகளில், சில நாட்களுக்குள் துடுப்பிழந்த மீன் ஒன்று மூலையில் ஒடுங்கிக் கிடப்பதைப் பிள்ளைகள் காண நேரிடுகிறது. ஆதலின் இத்திங்கள் இதுபற்றிச் சற்றே விரிவாக எண்ணிப் பார்ப்போம்.

இம்மீனின் தாயகம் தாய்லாந்து. சாவோ பிரயா ஆற்றுச் சமவெளியின் நெல்வயல்களும், வாய்க்கால்களும், ஆழமற்ற குட்டைகளும் அதன் இயற்கை இல்லங்கள். அந்நாட்டார் அதனைப் 'பிளா கட்' என்பர். கடிக்கும் மீன் என்பது பொருள். 1910-ஆம் ஆண்டில் ஆங்கில விலங்கியலறிஞர் சார்லஸ் டேட் ரீகன் அதற்குப் பெட்டா ஸ்பிளென்டென்ஸ் என்னும் அறிவியற்பெயரைச் சூட்டினார். 2019-ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு அதனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. மனிதர் பல தலைமுறைகளாகச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த மீன் இது. அச்சினம் ஆணோடு நின்றுவிடவில்லை; பெண்ணின் குருதியிலும் அது ஓடுகிறது.

பெண்மீன்கள் கூடியிருக்கையில் தம்முள் உயர்வு தாழ்வு வகுத்துக்கொள்கின்றன. ஒன்று செவுள்களை விரித்துக் காட்டும். மற்றொன்று பணிந்து விலகும். வயலிலும் குட்டையிலும் தோற்ற மீன் புல்லினூடே புகுந்து தப்பிவிடும். வென்றதும் அதனைத் தொடர்வதில்லை. ஆனால் கண்ணாடித் தொட்டியிலோ தோற்றது எங்கே ஓடும்? எப்பக்கம் திரும்பினும் வென்ற மீனின் கண்ணில் பட்டே தீரும். துரத்தல் ஓயாமைக்குக் காரணம் மீனின் கொடுமை மட்டுமன்று. நாம் அமைத்த தொட்டியில் மறைவிடம் இல்லாமையும் ஆகும். எனவே பெண் பெட்டாக்களுக்கு அழகிற்காகச் செடி நடுகிறோம் என்று எண்ணற்க. அவை தப்பிப் பிழைக்கும் வழியையே நாம் நடுகிறோம்.

தொட்டி உயர்ந்திருப்பதைவிட நீண்டிருத்தல் நன்று. மூன்றடி நீளமும், ஓரடி அகலமும், ஒன்றேகால் அடி உயரமும் கொண்ட தொட்டியில், மேலே சிறிது இடம் விட்டு நிரப்பினால் ஏறத்தாழ 90 லிட்டர் நீர் கொள்ளும். ஐந்து முதல் ஏழு பெண்மீன்கள் வரை இதில் வாழலாம். இரண்டு மூன்றை மட்டும் விடுதல் தகாது. வலியதன் சினம் முழுவதும் ஒரே மீனின்மேல் விழும். நீர், மணல், கண்ணாடி யாவும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் எடை ஏறுமாதலின், உறுதியான தாங்கியின் மேலன்றி வைக்கலாகாது.

செவுள்களுக்கு மேலே அமைந்த ஒரு தனி உறுப்பால் இம்மீன் நீர்மட்டத்திற்கு வந்து காற்றையும் சுவாசிக்கிறது. குப்பியில் அடைத்தும் சாகாதிருப்பது இதனாலேயே. அதுவே அதற்குப் போதும் என்று கொள்வது தவறு. நீர்மட்டத்திற்கும் மூடிக்கும் இடையே இரண்டங்குலம் விடுக. மூடியோ இன்றியமையாதது, இம்மீன் நன்றாகத் துள்ளும். நீர் 25 முதல் 27 பாகை வரை வெதுவெதுப்பாய் இருத்தல் நலம். நம் சமவெளி ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி ஹீட்டர் வேண்டுவதில்லை. உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் அது கட்டாயம் வேண்டும். வடிகட்டியின் நீரோட்டம் மென்மையாய் இருக்கட்டும். காற்றுப் பம்பினால் இயங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டி இதற்கு ஏற்றது.

நன்கு கழுவிய ஆற்றுமணலை இரண்டங்குலத்திற்குக் குறையாமல் பரப்புக. சிப்பியும் சுண்ணாம்புக் கல்லும் நீரைக் கடினமாக்கும். ஒரு கல்லின்மேல் எலுமிச்சைச் சாற்றைத் துளித்துப் பாருங்கள். நுரைத்தால் அக்கல்லை விலக்குக. பின்னணியில் வாலிஸ்னேரியா என்னும் நாடாப்புல்லை நெருக்கமாக நடலாம். அது ஓடுதண்டு விட்டுத் தானே பரவும். நடுவில் கிரிப்டோகோரைன் செடிகள் அமையட்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இயற்கையாய் வளரும் இனங்கள் இவற்றுள் உண்டு. இடம் மாற்றியதும் இவை இலைகளை அழுகவிடும். வேரிலிருந்து மீண்டும் தழைக்குமாதலின் பிடுங்கி எறிய வேண்டா. ஜாவா பெரணியையும் அனுபியாசையும் மணலில் புதைக்கலாகாது. கிழங்குபோன்ற தண்டு அழுகிவிடும். ஊறவைத்த மரத்துண்டில் நூலால் கட்டிவிடுக. மரத்தண்டை ஜாவா பாசிக்கும் இடம் ஒதுக்குக. மேலே மிதக்கும் செடி சிறிது இருந்தால் மீன்களின் கலவரம் தணியும். ஆயினும் மூச்செடுக்கத் திறந்த நீர்ப்பரப்பும் வேண்டும்.

செடிகள் போதுமா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. தொட்டியின் ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் நோக்குங்கள். மறுமுனை தெளிவாகத் தெரிந்தால், வலிய மீனுக்கும் அது தெரியும். தெரியாத அளவுக்குச் செடியும் மரமும் மண்டினால்தான் தொட்டி ஆயத்தமாயிற்று எனலாம்.

இனிப் பொறுமைக்குரிய பகுதி. மீன் விடும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அத்துணைத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீனை விடாது, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன்தீனியை மட்டும் நீரில் இடுக. கடைகளில் கிடைக்கும் சோதனைத் துளிகளைக்கொண்டு பார்க்கையில், அம்மோனியாவும் நைட்ரைட்டும் எழுந்து, பின்னர் இரண்டும் இல்லாமற்போதல் வேண்டும். செடிகள் வேர்பிடித்துத் தழைப்பதும் இதே வாரங்களில்தான். நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேர விளக்கொளி போதும். மிகுந்தால் பாசி படரும். மீனில்லாத தொட்டியை வெறித்து நோக்கிப் பிள்ளைகள் அலுத்துக்கொள்வர். அவர்களுக்கு இதன் காரணத்தை விளக்கிச் சொல்வது பெற்றோர் கடன். நகராட்சிக் குழாய்நீரைப் பயன்படுத்துவோர் குளோரின் நீக்கியைக் கலந்த பின்னரே ஊற்றுக.

மீன் வாங்கும்போது இரண்டைக் கவனிக்க. ஒன்று, அது பெண்ணே என்பது. பெண்ணின் வயிற்றடியில் வெண்புள்ளி போன்ற முட்டைக்குழல் தெரியும். இளம் ஆணும், குறுந்துடுப்பு இனத்து ஆணும் பெண்போலத் தோன்றி ஏமாற்றக்கூடும்; அத்தகைய ஒன்று உள்ளே புகுந்தால் தொட்டியின் அமைதி குலைந்துபோம். மற்றொன்று, அவை ஒன்றாக வளர்ந்தவையா என்பது. வண்ணமீன் தொழிலுக்குப் பேர்பெற்ற சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில், ஒருதாய்க் குஞ்சுகளாய்ப் பிரியாது வளர்ந்த இளம் பெண்மீன்களைக் கேட்டு வாங்குதல் சாலச் சிறந்தது. நோயில்லை என்று உறுதிப்பட இரண்டு வாரமேனும் வேறிடத்தில் வைத்துக் கவனித்தபின், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், விளக்கணைத்த வேளையில் விடுக. ஒவ்வொன்றாய் விட்டால், முன்வந்தது இடத்தைத் தனதாக்கிக்கொண்டு பின்வந்ததைத் தாக்கும்.

முதற் சில நாட்கள் துரத்தலும் செவுள் விரித்தலும் இருக்கும். அதற்கு அஞ்ச வேண்டா. ஆனால் ஒரு மீன் உண்ணாமல் மூலையிலேயே நின்றாலும், உடலில் நீளவாக்கில் கோடுகள் தோன்றி நீங்காதிருந்தாலும், துடுப்பு மேன்மேலும் கிழிந்துவந்தாலும் காத்திருத்தல் தகாது. அடிபட்டதை அன்றே பிரித்தெடுக்க வேண்டும். ஓயாது துரத்துவது ஒரே மீன் என்றால், அதனையும் தனியே வைப்பது முறை. இதன்பொருட்டு மூடியோடு கூடிய சிறு தொட்டி ஒன்று தொடக்கமுதலே வீட்டில் ஆயத்தமாய் இருக்கட்டும். இதற்கு இடமோ பொருளோ இல்லாத இல்லத்தார், ஐந்து மீன்களை ஒன்றாய் விடும் எண்ணத்தையே கைவிடுதல் நேர்மை. இம்மீனை நன்கறிந்தோரில் பலர், பெண்ணாயினும் தனியே வளர்ப்பதே மேல் என்பர். பல மாதம் அமைதியாய் இருந்த தொட்டியிலும் திடீரெனப் போர் மூள்வதுண்டு என்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

அன்றாடக் கவனிப்பு கடினமன்று. இது புழுபூச்சி உண்ணும் மீன். இரண்டு மூன்று சிறு உருண்டைத் தீனி, கிடைக்கும்போது நீர்ப்பூச்சி, இவற்றைக் காலையும் மாலையும் அளவோடு இடுக. பல இடங்களில் தூவினால் எல்லா மீனுக்கும் கிட்டும். அதே வேளையில் தலைகளை எண்ணிவிடவும் கூடும். வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுக. கழித்த செடிகளைக் குளத்திலும் வாய்க்காலிலும் எறியலாகாது. அயல்நாட்டிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை எவ்வாறு மூடிக்கொண்டது என்பதை நாம் அறிவோம். அவற்றை வெயிலில் உலர்த்திக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

ஓர் இல்லத்துள் நாம் கொணரும் வாயில்லா உயிர் தன் குறையைச் சொல்லாது. காட்ட மட்டுமே செய்யும். அதனைக் காணும் கண் நம் பிள்ளைகளுக்கு வாய்க்க வேண்டுமாயின், மீன் வாங்கும் நாளிலேயே அதனைப் பழக்க இயலாது. செடி நட்டுக் காத்திருக்கும் அந்த ஆறு வாரங்களில்தான் பழக்க இயலும். அதற்கு விருப்பமுள்ள இல்லத்தார் இத்தொட்டியை அமைக்கட்டும். இல்லாதோர் ஒரே ஒரு பெண்மீனை, செடி நிறைந்த ஒரு சிறு தொட்டியில் நன்கு வளர்ப்பாராயின், அதுவும் அம்மீனுக்குக் குறைவற்ற வாழ்வே ஆகும்.