ஆடி பதினெட்டுக்கு மறுநாள் மேட்டூர்

ஆடி பதினெட்டு அன்று மேட்டூரில் சேரும் கூட்டத்தை யாரும் விளம்பரம் செய்து கூட்டுவதில்லை. சேலம், நாமக்கல், தருமபுரி, ஈரோடு என நாலாபுறமிருந்தும் ஜனம் தானாக வருகிறது. புதுமணத் தம்பதிகள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். ஊர்ச்சாமிகளின் வேலும் அரிவாளும் காவிரியில் நீராடுகின்றன. அணைக்கட்டு முனியப்பனுக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். பொழுது சாய்ந்தால் எல்லாரும் பஸ் ஏறிவிடுகிறார்கள். மறுநாள் ஊரில் மிஞ்சுவது எச்சில் இலையும் பாலித்தீன் பையும்தான். அனல் மின் நிலையமும் ஆலைகளும் உள்ள ஊர் சுற்றுலாவை நம்பியா பிழைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆலை வேலை எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை. மீன் வறுத்து விற்கிறவருக்கும் பரிசல்காரருக்கும் வருடத்தில் ஒரு பெருநாளும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் எப்படிப் போதும்? மேட்டூரில் பார்க்க விஷயம் நிறைய இருக்கிறது. எது எப்போது என்று சொல்லும் நாள்காட்டிதான் இல்லை.

இங்கிலாந்தின் டெர்பிஷர் பகுதியில் நம் ஆடிப்பெருக்குக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லத்தக்க ஒரு வழக்கம் உண்டு. மரப்பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, அதில் பூவிதழ்களை ஒவ்வொன்றாகப் பதித்துச் சித்திரம் செய்து ஊர்க்கிணற்றின்மேல் நிறுத்துகிறார்கள். டிசிங்டன் என்ற சிற்றூரில் இதற்கு இரண்டு கதை சொல்வார்கள்: 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயிலிருந்து ஊரை நல்ல தண்ணீர் காத்தது என்று ஒன்று, 1615 வறட்சியிலும் கிணறுகள் வற்றவில்லை என்று இன்னொன்று. எதுவானாலும் தண்ணீருக்குச் செலுத்தும் நன்றிதான். நாம் கவனிக்க வேண்டியது அவர்கள் அதை வைத்துக்கொண்டிருக்கும் விதத்தை. எல்லா ஊரும் ஒரே நாளில் கொண்டாடுவதில்லை. மே முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு ஊருக்கும் அதற்குரிய நாட்கள். ஓர் ஊரைப் பார்க்க வந்தவர் அடுத்த ஊருக்கும் போகிறார், இரவு தங்குகிறார்.

ஆடி பதினெட்டை நகர்த்த முடியாது, நகர்த்தவும் கூடாது. ஆனால் 1934-இல் திறக்கப்பட்ட இந்த அணைக்கே ஒரு வருடச் சுழற்சி இருக்கிறது. ஜூன் 12, தண்ணீர் இருந்தால், டெல்டாவுக்குத் திறக்கும் நாள். 120 அடி நிரம்பி உபரி பெருகினால் 16 கண் மதகு வழியே காவிரி பாய்ந்தோடும் காட்சி. நீர் வற்றினால் வேறொரு மேட்டூர் எழுந்து வருகிறது: பண்ணவாடி பக்கம் மூழ்கிப்போன ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி, பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம். 2023 அக்டோபரில் நீர்மட்டம் 40 அடிக்கும் கீழே போனது. விவசாயிக்கு அது வயிற்றெரிச்சல். அந்தக் காலத்திலும் இந்த ஊரில் காண ஒன்று இருக்கிறது என்பதும் உண்மை. டெர்பிஷரிலேயே லேடிபவர் நீர்த்தேக்கம் டெர்வென்ட், ஆஷ்ஆப்டன் என்ற இரு கிராமங்களை விழுங்கியது. அங்கே நீருக்கு மேல் நின்ற தேவாலயக் கோபுரத்தை, நீந்திப் போகிறவர்களுக்கு ஆபத்து என்று 1947-இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். நம்முடையது இன்னும் நிற்கிறது.

ஆபத்து என்ற அந்தக் கவலை இங்கேயும் நியாயமானதுதான். அணையின் சுழற்சியையே நாள்காட்டியாக்கும் இந்த யோசனைக்கு வரக்கூடிய மறுப்புகளில் கனமானதும் அதுவே. காவிரியில் வருடாவருடம் உயிர் போகிறது. வெள்ளம் கூடினால் குளிக்கத் தடை போடுகிறார்கள். மற்ற நாட்களில் ஓர் எச்சரிக்கைப் பலகையோடு கடமை முடிந்துவிடுகிறது. 2018 வறட்சியில் டெர்வென்ட் இடிபாடுகளைக் காணப் போனவர் சேற்றில் புதைந்து, மீட்புக் குழு வந்துதான் வெளியே எடுத்தது. கூட்டம் எப்படியும் வரும் என்பதற்கு அதுவே சாட்சி. பண்ணவாடியில் உரிமம் பெற்ற பரிசல், உயிர்க்காப்பு உடை, எதுவரை நடக்கலாம் என்று கயிறு கட்டிய எல்லை, உள்ளூர் மீனவரே வழிகாட்டி என்று ஏற்பாடு இருந்தால், இப்போது தன் போக்கில் சேற்றில் இறங்குகிறவரை அது தடுக்கும். ஊரை இழந்தவர்களின் துக்கத்தை வேடிக்கைப் பொருளாக்கலாமா என்ற கேள்வியும் எழும். வேடிக்கையாகிவிடுவது கதை தெரியாமல் செல்ஃபி எடுக்கும்போதுதான். எந்தெந்த ஊர்கள் மூழ்கின, சனங்கள் எங்கே போனார்கள் என்று கரையில் ஒரு கல்லாவது நட்டுவைத்தால், வருகிறவர் நின்று படிப்பார். குப்பையைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஒரே நாளில் குவியும் கூட்டத்தைவிட வருடம் முழுக்கப் பரவி வரும் கூட்டத்தின் குப்பையை அள்ளுவது நகராட்சிக்கு எளிது.

இதில் பாதி வேலைக்குப் புதிதாக நிதி எதுவும் தேவையில்லை. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத் தமிழ்ப் பத்திரிகைகள் நாள் தவறாமல் போடுகின்றன. காவிரியே பாயாத ஊர்க்காரரும் அதைப் பார்க்காமல் பக்கம் புரட்டுவதில்லை. அந்த எண்ணுக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும்: நந்தி தெரிகிறது, அல்லது நந்தி மூழ்கியிருக்கிறது.